மொய் நோட்டும் பிளாக்செயினும்

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்குச் சிங்கப்பூர்ப் பணம் டிவிஎஸ் 50-ல் வந்தது. புதுக்கோட்டைப் பக்கம் ஊர். கொண்டு வருபவருக்கு உண்டியல்காரர் என்று பெயர். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, அதில் பெயரும் தொகையும் மட்டும் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "எண்ணிக்கங்க அப்பத்தா" என்று கட்டை நீட்டுவார். அப்பத்தா எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணும். பிறகு எங்களில் ஒருவர் எஸ்டிடி பூத்துக்கு ஓடி, "பணம் வந்துருச்சு சித்தப்பா" என்று ஒற்றை வரி பேசிவிட்டு வருவோம். வங்கி டிராஃப்ட் என்றால் தபாலில் வந்து, கணக்கில் போட்டு, கைக்கு வருவதற்குள் ஒரு அமாவாசை கடந்துவிடும். உண்டியலில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். சட்டப்படி அது அன்றும் தடை, இன்றும் தடை.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அந்தப் பணம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பவே இல்லை. சித்தப்பா கொடுத்த டாலர் அங்கேயே தங்கிவிட்டது. அப்பத்தா வாங்கிய ரூபாய் இங்கே ஏற்கெனவே யாரிடமோ இருந்த ரூபாய். கடல் தாண்டியது ஒரு தகவல் மட்டும்தான். இரண்டு நோட்டில் இரண்டு வரி மாறின, அவ்வளவுதான்.

கிரிப்டோ என்ற டிஜிட்டல் பணம், பிளாக்செயின் என்று பேச்செடுத்தால் பலரும் விலையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இந்த இரண்டு வரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஏழை நாடுகளில் பணம் அனுப்ப இது உதவுமா என்று கேட்பதற்கும் அதுதான் வழி. பணம் அனுப்புவது என்பது, யார் வழியாக அனுப்பினாலும், கணக்கு நோட்டைத் திருத்துவதுதான். வங்கிகள் செய்வதும் அதேதான். துபாய் வங்கி ஒன்றுக்கும் நம் ஊர் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால், இரண்டுக்கும் கணக்கு உள்ள மூன்றாவது வங்கி ஒன்று நடுவில் வரும். சில சமயம் நான்காவதும் வரும். ஒவ்வொருவரும் தன் நோட்டைச் சரிபார்ப்பார்கள், ஒவ்வொருவரும் கொஞ்சம் கிள்ளிக்கொள்வார்கள். 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கு மேல் என்று உலக வங்கி கணக்கிடுகிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு இது 8 சதவீத அளவில் இருக்கிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கும் இலக்கு. இன்றைய நிலையில் 200 டாலர் அனுப்பினால் 12 டாலருக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. ஏழை நாட்டில் ஒரு வீட்டுக்கு அது சில நாள் சாப்பாடு.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ சிலரோ ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். அது கேட்ட கேள்வி இதுதான்: நோட்டை வைத்துக்கொள்ள ஒரு முதலாளி இல்லாமல், எல்லோரும் ஒரே நோட்டைப் பயன்படுத்த முடியுமா? 2009 ஜனவரி 3-ல் அந்த நோட்டின் முதல் பக்கம் எழுதப்பட்டது. அதுதான் பிட்காயின். நோட்டை எழுதும் அந்த முறைக்குத்தான் பிளாக்செயின் என்று பெயர்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் பக்கத்து மொய் நோட்டு போதும். கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்து மொய் விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒருவர் பணம் எண்ணுவார், ஒருவர் ஊர், பெயர், தொகை எழுதுவார். பக்கம் நிறைந்ததும் அடியில் மொத்தம் போடுவார்கள். அடுத்த பக்கத்தின் தலையில் அதே மொத்தத்தை எழுதிவிட்டுத்தான் புது வரி தொடங்கும். இப்போது ராத்திரியோடு ராத்திரியாக யாரோ மூன்றாம் பக்கத்தில் 500-ஐ 5,000 ஆக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். மூன்றாம் பக்கத்து அடி மொத்தம் இடிக்கும். அதைத் திருத்தினால் நான்காம் பக்கத் தலை இடிக்கும். கடைசிப் பக்கம்வரை எல்லாவற்றையும் திருத்தினால்தான் தப்பிக்க முடியும். பக்கம்தான் பிளாக். பக்கத்தோடு பக்கத்தைக் கட்டும் அந்த மொத்தம்தான் சங்கிலி.

உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவர் வரியில் 500 கூட்டி, இன்னொருவர் வரியில் 500 குறைத்தால் மொத்தம் மாறாது, யாருக்கும் தெரியாது. அதனால் பிளாக்செயினில் கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஹேஷ் என்ற ஒன்றைப் போடுகிறார்கள். பக்கம் முழுவதையும் ஒரு கணக்கு முறையில் அரைத்து எடுக்கும் 64 எழுத்துக் கைரேகை அது. பக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

அடுத்த ஏற்பாடு, நோட்டின் பிரதி. மொய் நோட்டு விருந்து வைத்தவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். பிட்காயின் நோட்டின் முழுப் பிரதி உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஒருவர் தன் பிரதியைத் திருத்தினால் மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

எல்லோரிடமும் நோட்டு இருந்தால் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? இங்கேதான் மைனிங் வருகிறது. சுரங்கம் எதுவும் இல்லை. குருட்டாம்போக்கில் கோடிக்கணக்கான எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் புதிர் ஒன்று. முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்தை எழுதுவார், கூலியாகப் புதுக் காசு பெறுவார். 2024 ஏப்ரல் முதல் ஒரு பக்கத்துக்குக் கூலி 3.125 பிட்காயின். சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம். மொத்தக் காசு 2.1 கோடியைத் தாண்டாது என்பது விதி. பித்தலாட்டம் செய்ய நினைப்பவர் மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கரண்ட் பில் கட்ட வேண்டும், பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது. இந்த மின்சாரச் செலவு ஒரு நடுத்தர நாட்டின் செலவுக்குச் சமம் என்பது நியாயமான குறைதான். அடுத்த பெரிய நோட்டான எத்தீரியம் 2022 செப்டம்பரில் இந்த முறையையே கைவிட்டது.

இன்னொன்று சாவி. வாலட் என்ற பெயரைப் பார்த்து அதற்குள் காசு இருப்பதாக நினைக்காதீர்கள். காசு நோட்டில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது. வாலட்டில் இருப்பது அந்த வரியை நகர்த்தும் முத்திரை, அதாவது பிரைவேட் கீ. பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்தச் சொற்கள் தொலைந்தால் காசும் தொலைந்தது. மேனேஜரைப் பார்த்து மனுக் கொடுக்க முடியாது, மேனேஜரே கிடையாது. உண்டியல்காரர் தப்பான வீட்டில் கொடுத்துவிட்டால் பஞ்சாயத்தாவது வைக்கலாம். இங்கே முகவரியில் ஒரு தவறு நேர்ந்தால் கூப்பிட்டுக் கேட்க ஆள் இல்லை.

இவ்வளவும் புரிந்தால் நுட்பத்தில் முக்கால்வாசி புரிந்தது. ஆனால் நாம் கேட்க வந்தது வேறு: ஏழை நாடுகளில் பணம் அனுப்ப இது உதவுமா? உதவும், நடுவழியில். துபாயிலிருந்து அனுப்புகிறவர் கையில் இருப்பது திர்ஹாம். அப்பத்தாவுக்கு வேண்டியது அரிசிக்கடையில் செல்லும் ரூபாய். திர்ஹாமைக் கிரிப்டோ காசாக்குவது ஒரு முனை, அந்தக் காசை ரூபாயாக்குவது மறு முனை. இரண்டு முனையிலும் ஒரு மனிதரோ ஒரு நிறுவனமோ இருந்தே ஆக வேண்டும். முதலாளி இல்லாத நோட்டு, முனைகளில் இருக்கும் முதலாளிகளை ஒழிக்கவில்லை. என் பார்வையில் இந்த விஷயம் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த முனைகளில்தான்.

எல் சால்வடோரைப் பாருங்கள். மத்திய அமெரிக்காவில் ஒரு சின்ன நாடு. 2001-லேயே தன் பணமான கொலோனை விட்டுவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறியது. அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 2021 ஜூனில் அதிபர் நயீப் புகேலே பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். செப்டம்பர் 7 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உலகத்தில் முதல் நாடு. பணம் அனுப்பும் நிறுவனங்களுக்குப் போகும் கமிஷன் வருஷத்துக்கு 40 கோடி டாலர், அது மக்களுக்கு மிச்சமாகும் என்றார். சீவோ என்ற அரசு வாலட்டை இறக்கிக்கொண்டால் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் இலவசம். நாடெங்கும் சீவோ ஏடிஎம்கள், அமெரிக்க நகரங்களிலும் ஏடிஎம்கள். முனைகளைப் பற்றி யோசிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

நடந்தது வேறு. தொடங்கிய அன்றே பிட்காயின் விலை சரிந்தது. செயலி தடுமாறியது. பலர் வாலட்டைத் திறக்கப் போனபோது, அவர்கள் அடையாள அட்டை எண்ணில் வேறு யாரோ ஏற்கெனவே 30 டாலரை வாங்கியிருந்தார்கள். பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் 1,800 குடும்பங்களிடம் கேட்டுப் பார்த்ததில், வாலட்டை இறக்கியவர்களில் பெரும்பான்மையினர் அந்த 30 டாலரைச் செலவழித்ததோடு சரி, அதற்குப் பின் தொடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கிரிப்டோ வாலட் வழியாக வந்தது நூற்றில் ஒன்றோ இரண்டோதான். சர்வதேச நாணய நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்குப் பேசியபோது இந்தச் சட்டத்தைத் தளர்த்துவது நிபந்தனைகளில் ஒன்றாக வந்தது. 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது எந்தக் கடையும் பிட்காயினை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏன் இப்படி? அனுப்புபவர் கையிலும் டாலர், வாங்குபவருக்கும் டாலர். அமெரிக்காவிலிருந்து எல் சால்வடோருக்குப் பணம் அனுப்பும் செலவு ஏற்கெனவே உலகச் சராசரியைவிடக் குறைவு. அந்தச் சின்னக் கட்டணத்தை மிச்சப்படுத்த, மதியம் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று ஆடும் காசை நடுவில் நுழைப்பானேன்? மாதச் சாமான் வாங்க வந்த பணத்தை வைத்து யாரும் சூதாட மாட்டார்கள்.

நைஜீரியாவின் கதை நேர் எதிர். அங்கே மத்திய வங்கி 2021 பிப்ரவரியில், கிரிப்டோ வியாபாரக் கணக்குகளை மூடும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் புழக்கம் நிற்கவில்லை, ஆளுக்கு ஆள் நேரடியாக மாற்றிக்கொள்ளும் பி-டு-பி முறைக்குப் போய்விட்டது. காரணம் அந்த நாட்டுப் பணமான நைராவின் நிலை. அப்போது அரசு சொன்ன டாலர் விலை ஒன்று, தெருவில் கிடைத்த விலை வேறு. வங்கியில் டாலர் கேட்டால் கிடைக்கவில்லை. 2023 ஜூனில் அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும், 460 நைரா அளவில் இருந்த டாலர் அடுத்த ஆண்டுக்குள் 1,500-ஐத் தொட்டது. சம்பளத்தை நைராவில் வைத்திருந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே ஏழையானார்.

லாகோஸில் வீட்டிலிருந்து டிசைன் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கனடாக்காரர் ஒருவர் கூலியை யுஎஸ்டிடியாக அனுப்புகிறார். யுஎஸ்டிடி என்பது ஸ்டேபிள்காயின் வகை. ஒரு காசு ஒரு அமெரிக்க டாலர் என்று நிலைநிறுத்தி வைத்திருப்பார்கள். சில நிமிஷத்தில் வந்துவிடுகிறது. வாடகை கட்டும் நாள் வந்ததும் பி-டு-பி திரையைத் திறக்கிறார். வாங்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியலும் ஆளாளுக்கு ஒரு விலையும் அதில் இருக்கின்றன. ஒருவரைத் தேர்ந்தெடுத்தவுடன் இவருடைய 100 யுஎஸ்டிடியைத் தளம் பூட்டி வைக்கிறது, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வாங்குபவர் நைராவை இவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார். வங்கியிலிருந்து வரும் வரவுக் குறுஞ்செய்திக்கு அங்கே 'அலர்ட்' என்று பெயர். போலி அலர்ட் அனுப்பி ஏமாற்றுவது அங்கே பழைய தொழில். அதனால் அனுபவப்பட்டவர் செய்தியை நம்ப மாட்டார். வங்கிச் செயலிக்குள் போய் இருப்பைப் பார்த்த பிறகே பூட்டைத் திறப்பார். கடைசியில் சாதாரண வங்கிக் கணக்கையும் முகம் தெரியாத ஒருவரின் நேர்மையையும் நம்பித்தான் முடிகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபர் 25-ல் இ-நைரா என்ற மத்திய வங்கியின் சொந்த டிஜிட்டல் பணத்தை வெளியிட்டது. ஒரு வருஷம் கழித்து சர்வதேச நிதிய ஆய்வு பார்த்தபோது, எந்த ஒரு வாரத்தை எடுத்தாலும் 98.5 சதவீத வாலட்டுகள் சும்மா கிடந்தன. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மக்கள் நைராவிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, கையில் இன்னொரு நைராவைக் கொடுத்தால் எப்படி வாங்குவார்கள்? 2023 டிசம்பரில் வங்கிகள் மீதான தடையையும் மத்திய வங்கி விலக்கிக்கொண்டது.

இதைப் புரிந்துகொள்ள கிரிப்டோ பக்கம் போகவே வேண்டாம், இலங்கையைப் பார்த்தால் போதும். 2021-ன் பிற்பகுதியில் டாலருக்கு 200 ரூபாய் சொச்சம் என்று பிடித்து வைத்திருந்தார்கள். உண்டியலில் அதைவிட மேலே கிடைத்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் வங்கியை விட்டுவிட்டு உண்டியலுக்குப் போனார்கள். 2020-ல் 710 கோடி டாலராக இருந்த வங்கி வழி வரவு 2022-ல் 380 கோடி அளவுக்கு விழுந்தது. மருந்துக்கும் எண்ணெய்க்கும் டாலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்கள் வழி மாறுவது கட்டணத்தைப் பார்த்து மட்டும் இல்லை. மாற்று விகிதத்தையும் பார்த்துத்தான் மாறுகிறார்கள். எல் சால்வடோரில் அந்த இடைவெளி இல்லை, நைஜீரியாவில் இருந்தது.

ஸ்டேபிள்காயினைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏழை நாடுகளில் பணம் அனுப்ப என்று நிஜமாகவே புழங்கும் கிரிப்டோ பெரும்பாலும் இதுதான். பிட்காயின் நோட்டில் கூட்டம் கூடினால் கட்டணமும் ஏறும். 2024 ஏப்ரலில் ஒரு நாள் சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. ஆனால் ஸ்டேபிள்காயினுக்கு முதலாளி உண்டு. உங்களிடம் வாங்கிய டாலருக்கு ஈடாக அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்லும். வேண்டுமென்றால் உங்கள் காசை முடக்கவும் அதனால் முடியும். ஈடு சரியில்லாத டெர்ரா என்ற ஸ்டேபிள்காயின் 2022 மே மாதம் சில நாட்களில் மண்ணானது. ஈடு ஒழுங்காக இருந்த யுஎஸ்டிசி என்ற இன்னொரு ஸ்டேபிள்காயினும், அதன் இருப்பில் ஒரு பகுதி இருந்த அமெரிக்க வங்கி 2023 மார்ச்சில் மூழ்கியபோது, ஒரு வாரக் கடைசியில் 88 சென்ட்டுக்கு இறங்கிப் பிறகு மீண்டது. முதலாளியே வேண்டாம் என்று தொடங்கிய பயணம் இப்படி ஒரு முதலாளி வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

காசே இல்லாமல் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். ஜோர்டானின் அஸ்ராக் அகதி முகாமில் சிரியாவிலிருந்து வந்த பெண் ஒருவர் எண்ணெயும் பருப்பும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வருகிறார். அட்டை கிடையாது, போன் கிடையாது. ஒரு சின்னக் கருவியைப் பார்க்கிறார், கருவிழியைப் படித்துக் கணக்கில் கழித்துக்கொள்கிறது. உலக உணவுத் திட்டம் 2017-ல் தொடங்கியது இது. பின்னால் இருப்பது எத்தீரியத்தை மாற்றி அமைத்த ஒரு மூடிய நோட்டு. ஒவ்வொரு கழிவுக்கும் வங்கிக்குக் கட்ட வேண்டிய கட்டணம் மிச்சமாகிறது. ஒரே நிறுவனம் வைத்திருக்கும் நோட்டுக்குப் பிளாக்செயின் எதற்கு, சாதாரண டேட்டாபேஸ் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு உறைத்தது வேறு. இங்கே பணம் போடுபவரும் கடையை ஏற்பாடு செய்தவரும் ஒருவரே, இரண்டு முனையும் கட்டுக்குள் இருக்கின்றன. அதனால் ஓடுகிறது.

முனைகளை முதலில் சரி செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா இருக்கிறது. 2007 மார்ச்சில் வந்த எம்-பெசா என்ற போன் வழிப் பணச் சேவைக்குப் பிளாக்செயினும் இல்லை, ஸ்மார்ட்போனும் தேவைப்படவில்லை. பெட்டிக்கடை மாதிரியான ஏஜென்ட் கடைகளில் ரொக்கம் கொடுத்தால் போனில் ஏறும், போனில் இருப்பதைக் கொடுத்தால் ரொக்கமாகத் திரும்பி வரும். அந்தக் கடைகளில் ஆரம்பத்தில் நீளமான காகித நோட்டு ஒன்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பணத்தை வாங்க வேண்டும்.

நம் நாட்டுக்குள் யுபிஐ இருப்பதால் இந்தத் தேவை பெரிதாக எழவில்லை. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரில் அதே மாதிரி இருக்கும் பேநவ்வோடு அதை இணைத்தார்கள், சிங்கப்பூரிலிருந்து யுபிஐ ஐடிக்கே அனுப்பலாம். கிரிப்டோவுக்குத் தடை இல்லை. கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக் கூடாது என்று 2018-ல் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குப் போட்ட தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் 2022 முதல் லாபத்தில் 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ். ஒரு காசில் நஷ்டப்பட்டால் அதை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் திருப்பூரில் வெப்சைட் வேலை செய்கிறான். போன வருஷம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் யுஎஸ்டிடியில்தான் தருவேன் என்றதும் ஒப்புக்கொண்டான். வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினான், "அண்ணே, ஒரு நிமிஷம் கூட ஆகல." அன்றைக்கே பி-டு-பியில் விற்றான், ரூபாயும் ஏறியது. மூன்றாம் வாரம் அவன் வங்கிக் கணக்கு முடங்கியது. வாங்கியவர் அனுப்பிய பணம் வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பிடுங்கியதாம், அங்கே சைபர் கிரைமில் புகார் பதிவாகியிருக்கிறது. இவன் பில், பேச்சுப் பதிவு, பிளாக்செயினில் வந்த வரியின் எண் எல்லாவற்றையும் அச்செடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினான். அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாராலும் அழிக்க முடியாது. கணக்கு திறக்க நான்கு மாதம் ஆனது. அதுவரை கடை வாடகையை அவன் அம்மாதான் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.